தலைப்பேன்: வீடு முழுக்க ஒரே நாளில் பார்ப்போம்

குடும்ப நலப் பாடம்



"ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவது" என்று ஒரு பழமொழி உண்டு. சின்ன விஷயத்தை ஊதிப் பெரிதாக்குகிறவர்களைப் பற்றி நம் பெரியவர்கள் சொன்னது. ஆனால் குழந்தையின் தலையில் இருக்கிற ஈரை யாரும் ஊத வேண்டியதில்லை. ஏழு முதல் பத்து நாளில் அது தானாகவே பேனாகிவிடும். அந்தப் பேன் மேலும் பத்து நாளில் வளர்ந்து, தானும் ஈர் வைக்க ஆரம்பித்துவிடும்.

"கர்ப்பகாலக் கவனிப்பு, தடுப்பூசி, குழந்தைகளுக்கு இடையே இடைவெளி என்றெல்லாம் பாடம் நடத்துகிறீர்கள், சரி. பேனுக்குமா ஒரு பாடம்?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு தப்பு என்று எனக்குக் காட்டிய சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் தடுப்பூசி விஷயமாக ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு ஒரு தாய் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். "சார், பிள்ளைக்குத் தலையெல்லாம் பேனு. என்ன போட்டாலும் போகமாட்டேங்குது. என்ன செய்யலாம்?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "தலையைச் சுத்தமா வைங்கம்மா, சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

அடுத்த மாதம் போனபோது விஷயம் தெரிந்தது. ஆறாம் வகுப்புப் படிக்கிற அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார வைத்திருக்கிறார்கள். கூடப் படிக்கிற பிள்ளைகள் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்கு வர, தாய்க்கு மனசு பொறுக்கவில்லை. இரவில் தலை முழுக்க மண்ணெண்ணெய் தேய்த்து, துணியால் இறுக்கிக் கட்டிப் படுக்க வைத்துவிட்டார். காலையில் அவிழ்த்துப் பார்த்தால் தலைத்தோல் வெந்து கொப்பளித்திருந்தது. பக்கத்தில் விளக்கோ அடுப்போ இல்லாமல் போனது அவர்கள் அதிர்ஷ்டம். புண் ஆறி அந்தப் பெண் மறுபடி பள்ளிக்கூடம் போக ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

அந்தத் தாய் என்னிடம் கேட்டார். நான் பதில் சொன்னேன், ஆனால் தப்பான பதில். அவர் பிள்ளையைச் சுத்தமாகத்தான் வைத்திருந்தார். சுத்தமான தலையிலும் பேன் வரும். "சுத்தமா வைங்க" என்ற என் வார்த்தை அவருக்கு வெட்கத்தைக் கொடுத்ததே தவிர, வழியைக் கொடுக்கவில்லை. வெட்கம்தான் அவரை மண்ணெண்ணெயிடம் கொண்டுபோய் விட்டது. அன்று நான் சொல்லியிருக்க வேண்டியதை இந்தப் பாடத்தில் சொல்கிறேன்.

பேன் என்பது என்ன?

தலைப்பேன் ஒரு சிறிய பூச்சி. எள்ளின் அளவு இருக்கும். நீளம் 2 முதல் 3 மில்லிமீட்டர். அதற்கு ஆறு கால்கள். காலின் நுனியில் கொக்கி போன்ற நகம் உண்டு. அதைக்கொண்டு முடியைப் பிடித்துக்கொள்ளும். இறக்கை கிடையாது, ஆகவே பறக்காது. வெட்டுக்கிளி போலத் தாவவும் செய்யாது. ஊர்ந்துதான் போகும், ஆனால் வேகமாக ஊரும்.

மனித ரத்தம்தான் அதற்குச் சாப்பாடு. தினம் பல தடவை குடிக்கும். தலையிலிருந்து கீழே விழுந்துவிட்டால் ஒன்று அல்லது இரண்டு நாளில் செத்துப்போகும். தலையிலேயே இருந்தால் சுமார் ஒரு மாதம் உயிரோடு இருக்கும்.

ஒரு தாய்ப்பேன் தினம் எட்டு முட்டை வரை வைக்கும். அந்த முட்டையைத்தான் ஈர் என்கிறோம். தலைத்தோலுக்கு மிக அருகில், சூடு கிடைக்கிற இடமாகப் பார்த்து, முடியில் பசை போட்டு ஒட்டிவிடும். தண்ணீர் ஊற்றினாலும் சோப்புப் போட்டாலும் அந்தப் பசை விடாது.

எப்படிப் பரவுகிறது?

தலையும் தலையும் ஒட்டுகிறபோது ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு ஊர்ந்து போகிறது. இதுவே பிரதானமான வழி. நம் வீடுகளில் இது எப்போது நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ராத்திரி ஒரே பாயில் நாலு பிள்ளைகள் நெருங்கிப் படுக்கிறார்கள். பாட்டி பேத்தியை மடியில் போட்டுக் கதை சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் இரண்டு தோழிகள் ஒரே புத்தகத்தின் மேல் குனிகிறார்கள். ஒரு செல்போனில் படம் பார்க்க மூன்று தலைகள் ஒட்டிக்கொள்கின்றன. அன்பாக இருக்கிற இடத்தில்தான் பேன் பரவுகிறது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

சீப்பு, துண்டு, ரிப்பன், தலையணை மூலமாகவும் சில சமயம் பரவலாம். ஆனால் அது குறைவு.

பேன் உடம்புச் சூட்டிலோ வியர்வையிலோ அழுக்கிலோ தானாக உற்பத்தி ஆவதில்லை. ஒரு பேனிலிருந்துதான் இன்னொரு பேன் வரும். ஆட்டிலிருந்தும் மாட்டிலிருந்தும் நாயிலிருந்தும் நம் தலைக்கு வராது. பணக்காரர் வீடு, ஏழை வீடு என்ற பேதமும் அதற்கு இல்லை. இஸ்ரேல் நாட்டில் லாகீஷ் என்ற பழைய ஊரைத் தோண்டியபோது யானைத் தந்தத்தில் செய்த ஒரு பேன் சீப்பு கிடைத்தது. சுமார் 3,700 வருஷத்துக்கு முந்தியது. பேன் தொல்லை தீர வேண்டும் என்ற எழுத்து அதன் மேல் பொறித்திருப்பதை 2022-ல் அறிஞர்கள் வெளியிட்டார்கள். யானைத் தந்தத்தில் சீப்பு வைத்திருந்தவருக்கும் பேன் இருந்திருக்கிறது!

என்ன கெடுதல்?

தலைப்பேன் பெரிய வியாதி எதையும் பரப்புவதில்லை. டைபஸ் காய்ச்சலைப் பரப்புவது சீலைப்பேன். அது உடுத்தும் துணியின் தையலில் வாழ்கிற வேறு பேன். தலைப்பேனால் அந்தப் பயம் இல்லை.

அப்படியென்றால் சும்மா விட்டுவிடலாமா? கூடாது. பேன் கடிக்கும்போது அதன் எச்சில் தோலில் படுகிறது. அது ஒத்துக்கொள்ளாமல் அரிப்பு வருகிறது. பிள்ளை ராத்திரி தூங்காமல் சொறிஞ்சுக்கிட்டே இருக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் பாடத்தில் கவனம் இருக்காது. நகம் பட்ட இடத்தில் கிருமி புகுந்து சீழ்ப்புண் ஆகும். கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் நெறி கட்டும். சில வகைக் கிருமிப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால், சில வாரம் கழித்துச் சிறுநீரகத்தைப் பாதிப்பதும் உண்டு. முகம் வீங்கி, சிறுநீர் குறைந்து, நிறம் மாறிப் போகும். இது அபூர்வம்தான். ஆனாலும் தலைப்புண்ணை அலட்சியம் செய்யக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கெடுதல் மனசுக்குத்தான். கேலிக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொள்கிற பெண்பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன்.

இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

முதல் தடவை பேன் ஏறினால் உடனே அரிக்காது. அரிப்புத் தெரிய நாலு முதல் ஆறு வாரம்கூட ஆகும். ஆகவே "எனக்கு அரிக்கல, எனக்குப் பேன் இல்ல" என்று யாரும் சொல்ல முடியாது. பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நல்ல பகல் வெளிச்சத்தில் பாருங்கள். திண்ணையோ வாசலோ வசதி. காதுக்குப் பின்புறமும் பிடரியும் முக்கியமான இடங்கள். தலையில் எண்ணெய் வைத்துப் பேன் சீப்பால் வாரிப் பார்த்தால் வெறும் கண்ணுக்குத் தப்பியதும் சிக்கும்.

ஈரா, பொடுகா என்று சந்தேகம் வந்தால் விரலால் தட்டிப் பாருங்கள். பொடுகு உதிர்ந்துவிடும். ஈர் முடியின் ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, நகத்தால் உருவினால்தான் வரும்.

இன்னொரு விஷயம். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஈர் தோலை ஒட்டி வைக்கப்படுகிறது. ஆகவே தோலிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி இருக்கிற ஈர் பழையது. பொரிந்துபோன வெறும் ஓடு. அதைப் பார்த்து மருந்து போட வேண்டியதில்லை. உயிருள்ள பேன் ஒன்றாவது கண்ணில் பட்டால்தான் வைத்தியம்.

இவை வேண்டவே வேண்டாம்

மண்ணெண்ணெய், பெட்ரோல்: தோலை வேக வைக்கும். ஒரு தீப்பொறி போதும், பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. குழந்தை தெரியாமல் குடித்துவிட்டால் நுரையீரல் கெட்டுப்போகும். அப்போது வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-க்குப் போன் செய்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பயிருக்கு அடிக்கிற பூச்சி மருந்து: இது விஷம். தலைத்தோல் வழியாக உடம்புக்குள் போய்விடும். வாந்தி, வாயில் நுரை, வலிப்பு, மூச்சுத்திணறல் வந்து உயிர் போகலாம். "ஒரு சொட்டுத்தானே, தண்ணியில கலந்துதானே" என்ற பேச்சே வேண்டாம். யாராவது தெரியாமல் போட்டுவிட்டால், உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவி, மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எறும்புச் சாக்பீஸ், கொசு மருந்து, கரப்பான் ஸ்பிரே இவையும் இந்த வரிசைதான்.

சீத்தாப்பழ விதைப் பொடி: பல ஊர்களில் வழக்கத்தில் இருக்கிறது. அரைத்துத் தேய்க்கும்போது வழிந்து கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். கண் சிவந்து, வீங்கி, திறக்கவே முடியாது. பட்டுவிட்டால் சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரம் விடாமல் கழுவி டாக்டரிடம் காட்டுங்கள். கசக்க விடாதீர்கள்.

பழைய மருந்துகள்: ஒரு காலத்தில் டி.டி.டி. பொடியும், காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு என்ற மருந்தும் தலைக்குப் போட்டார்கள். பின்னது நரம்பைத் தாக்கி வலிப்பு உண்டாக்கக்கூடியது. குழந்தைகளுக்கு இவை இரண்டும் வேண்டாம்.

மொட்டை: முடி இல்லாவிட்டால் பேன் இருக்காது, உண்மைதான். ஆனால் அவசியமில்லை. நேர்த்திக்கடனுக்கு மொட்டை போடுவது வேறு. பேனுக்காக வளர்ந்த பெண்ணை வற்புறுத்தி மொட்டை அடிப்பது ஒரு தண்டனை. தப்பு செய்யாத பிள்ளைக்குத் தண்டனை எதற்கு?

சீப்பு வைத்தியம்

இனி, வழியைச் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியவை நாலு: பல் நெருக்கமான பேன் சீப்பு, தேங்காயெண்ணெய், ஒரு வெள்ளைத் துணி, கொஞ்சம் பொறுமை. பேன் சீப்பைச் சில ஊர்களில் ஈர்வலி என்றும் ஈர்கொல்லி என்றும் சொல்வார்கள். உலோகப் பல் உள்ளதாக வாங்கினால் வளையாது, பல வருஷம் வரும்.

1. சாதாரணச் சீப்பால் முதலில் சிக்கு எடுங்கள்.

2. வேரிலிருந்து நுனி வரை எண்ணெயைத் தாராளமாகத் தடவுங்கள். எண்ணெயில் பேன் வேகமாக ஓட முடியாது. எண்ணெய் பேனைக் கொல்லும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். எண்ணெய் அதைப் பிடித்து நிறுத்தும். சீப்புத்தான் வெளியே கொண்டுவரும்.

3. தலையை நாலு பாகமாக வகிர்ந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பாகத்திலும் சிறிது சிறிதாக முடியைப் பிரித்து எடுங்கள்.

4. சீப்பின் பல் தலைத்தோலைத் தொடும்படி வைத்து, நுனி வரை ஒரே இழுப்பாக வாருங்கள்.

5. ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். என்ன வந்தது என்று தெரியும்.

6. தலை முழுவதும் வாரி முடித்ததும் இன்னொரு தடவை முதலிலிருந்து வாருங்கள்.

7. பிறகு சீயக்காயோ ஷாம்புவோ போட்டுத் தலைக்குக் குளிப்பாட்டுங்கள். சீப்பையும் துணியையும் கொதிநீரில் பத்து நிமிஷம் போட்டு வையுங்கள்.

நீளமான முடிக்கு அரை மணி நேரம் ஆகும். குட்டை முடிக்குப் பத்து நிமிஷம் போதும்.

இதை ஒரு தடவை செய்து நிறுத்தினால் பிரயோஜனம் இல்லை. இங்கேதான் பெரும்பாலோர் ஏமாந்துபோகிறார்கள். இன்று பேனையெல்லாம் எடுத்தாலும் சில ஈர் தங்கிவிடும். அவை அடுத்தடுத்த நாட்களில் பொரியும். பொரிந்த குஞ்சு வளர்ந்து ஈர் வைப்பதற்குள் அதைப் பிடித்துவிட வேண்டும். அதனால் நாலு நாளைக்கு ஒரு தடவை வார வேண்டும். காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்:

முதல் நாள்: ஞாயிறு
5-ம் நாள்: வியாழன்
9-ம் நாள்: திங்கள்
13-ம் நாள்: வெள்ளி
17-ம் நாள்: செவ்வாய். இது பரிசோதனை நாள்.

17-ம் நாள் வாரும்போது ஒரு பேனும் வரவில்லை என்றால் வேலை முடிந்தது. நடுவில் பெரிய பேன் ஏதாவது தென்பட்டால், வெளியிலிருந்து யாரோ ஒரு தலையிலிருந்து மறுபடி வந்திருக்கலாம். கோபப்படாமல், அது யார் தலை என்று கண்டுபிடித்து, கணக்கை முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

வீடு முழுக்க ஒரே நாளில்

இதுதான் இந்தப் பாடத்தின் சாரம். ஒரு தலையை மட்டும் பார்த்தால் பேன் ஒழியாது. மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வாரி எடுக்கிறீர்கள். அன்று ராத்திரி அவள் பாட்டி பக்கத்தில் படுக்கிறாள். பாட்டி தலையில் இருப்பது பேத்தி தலைக்கு வருகிறது. "எத்தனை வாட்டி வாரினாலும் திரும்பத் திரும்ப வருதே" என்று அலுத்துக்கொள்வது இதனால்தான். அந்தத் தாய் என்னிடம் சொன்னதும் இதுதான். அன்று நான், "வீட்டில் மற்றவர்கள் தலையைப் பார்த்தீர்களா அம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

ஆகவே ஒரே நாளில், ஒரே வெளிச்சத்தில், கைக்குழந்தை முதல் தாத்தா பாட்டி வரை எல்லாத் தலையையும் பாருங்கள். எந்தத் தலையில் உயிருள்ள பேன் இருக்கிறதோ அந்தத் தலைகளுக்கெல்லாம் அன்றைக்கே வாருங்கள்.

கணவருக்கு ஒரு வார்த்தை

ஐயா, பேன் பார்ப்பது பெண்களின் வேலை என்று நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள். உங்கள் முடி குட்டையாக இருக்கலாம். அதிலும் பேன் இருக்கலாம். உட்கார்ந்து உங்கள் தலையையும் காட்டுங்கள். அப்பா தலையைக் காட்டினால் பையன் அடம்பிடிக்காமல் உட்காருவான்.

மனைவி கர்ப்பமாக இருந்தால் வெகுநேரம் குனிந்து உட்கார முடியாது. கைக்குழந்தை இருந்தால் கை ஒழியாது. அந்த அரை மணி நேரம் நீங்கள் மகளுக்குத் தலை வாரிவிடுங்கள். நாற்று முடிக்கிற கைக்கும் மாட்டுக்கு உண்ணி பார்க்கிற கைக்கும் இது கஷ்டமான வேலையா?

இன்னொன்று. பேன் என்றதும், "உங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்தீங்க, கூட்டிக்கிட்டு வந்துட்டீங்க" என்று சில வீடுகளில் சண்டை ஆரம்பித்துவிடும். "ஏங்க, உங்க தங்கச்சி பிள்ளைங்க வந்துட்டுப் போனதுக்கப்புறந்தான்" என்று பதில் வரும். எங்கிருந்து வந்தது என்று தீர்மானிப்பதால் ஒரு பேன்கூடச் சாகாது. சண்டை போடுகிற நேரத்தில் இரண்டு தலை வாரி முடித்துவிடலாம். மாமியார் வீடோ அம்மா வீடோ, தாக்கல் சொல்லிவிட்டால் அவர்களும் பார்த்துக்கொள்வார்கள்.

மருந்து எப்போது?

பேன் அதிகமாக இருந்தாலோ, வாருவதற்கு ஆளும் நேரமும் போதவில்லை என்றாலோ மருந்தும் உபயோகிக்கலாம். பெர்மெத்ரின் 1 சதவீதம் என்று எழுதியிருக்கும் தலை மருந்து இதற்கானது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டு உபயோகியுங்கள். சிரங்குக்கான 5 சதவீத மருந்து வேறு. இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள்.

தலையைக் கழுவித் துண்டால் துவட்டி, ஈரம் இருக்கும்போதே மருந்தை எல்லா முடியிலும் படும்படி பூசுங்கள். கண்ணைத் துணியால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். சரியாகப் பத்து நிமிஷம் கழித்துக் கழுவிவிடுங்கள். ராத்திரி முழுக்க ஊற விடுவதோ, பிளாஸ்டிக் பை மாட்டிக் கட்டுவதோ கூடாது. பூசியவர் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குளத்திலோ கால்வாயிலோ கழுவாதீர்கள். இந்த மருந்து மீனைக் கொன்றுவிடும்.

மருந்து எல்லா ஈரையும் கொல்லாது. ஆகவே ஏழு முதல் ஒன்பது நாள் கழித்து இரண்டாம் தடவை பூச வேண்டும். பல இடங்களில் பேன் மருந்துக்குப் பழகிப்போய்ச் சாகாமல் இருப்பதும் உண்டு. அதனால் மருந்து போட்டாலும் சீப்பை விடாதீர்கள். புண் உள்ள தலையில் மருந்து பூசும் முன் டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மருந்து வேண்டாம். சீப்பு மட்டும் போதும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சீப்பால் எடுப்பதே முதல் வழி.

துணிமணி, பாய், பள்ளிக்கூடம்

வீட்டைத் தலைகீழாகப் புரட்ட வேண்டாம். கடைசி இரண்டு நாளில் உபயோகித்த தலையணை உறை, துண்டு, ரிப்பன் இவற்றைக் கொதிநீரில் முக்கித் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். பாயை உதறி வெயிலில் போட்டால் போதும். பேன் தலையில் வாழ்வது, சுவரில் அல்ல. வீட்டுக்கு மருந்து அடிக்காதீர்கள்.

பேன் இருப்பதற்காகப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் நிறுத்த வேண்டியதில்லை. இன்று வார ஆரம்பித்துவிட்டால் நாளை தாராளமாக அனுப்பலாம். முடியை இறுக்கிப் பின்னி மடித்துக் கட்டி அனுப்புங்கள். ஆசிரியரைத் தனியாகப் பார்த்து, "எங்க பிள்ளைக்கு இருந்தது, பார்த்துக்கிட்டிருக்கோம். மத்த பிள்ளைங்க வீட்டிலயும் பேர் சொல்லாம ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேளுங்கள். தனியாக உட்கார வைத்தால், "அப்படி வேண்டாம்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அது உங்கள் பிள்ளையின் உரிமை.

நீங்கள் கேட்கும் கேள்விகள்

பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுத்தார்களே, அதில் பேன் சாகாதா?

சாகாது. அது வயிற்றுப் பூச்சிக்கான மாத்திரை. பேனுக்கு டாக்டர் சில சமயம் வேறு மாத்திரை தருவதுண்டு. அதை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

வேப்பெண்ணெய் தடவலாமா?

தலையில் தடவி வாருவதற்கு வைத்துக்கொள்ளலாம். வேலை செய்வது சீப்பு என்பதை மறக்க வேண்டாம். கைக்குழந்தையின் வாயில் வேப்பெண்ணெய் போகவே கூடாது, அது ஆபத்து.

மருந்து போட்ட பிறகும் அரிக்கிறதே?

பேன் போன பிறகும் சில நாள் அரிப்பு இருக்கும். வாரிப் பாருங்கள். உயிருள்ள பேன் இல்லையானால் மறுபடி மருந்து போட வேண்டாம்.

எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

தலையில் சீழ் அல்லது மஞ்சள் பொருக்கு, காய்ச்சல், வலியோடு நெறிகட்டு, முகவீக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போங்கள். 17 நாள் முறையாக வாரியும் பேன் போகவில்லை என்றாலும் போங்கள்.

ஞாபகத்தில் வைக்க வேண்டியவை

பேன் வந்தது யாருடைய குற்றமும் அல்ல.
வீட்டில் எல்லாத் தலையையும் ஒரே நாளில் பாருங்கள்.
1, 5, 9, 13, 17 என்ற நாட்களைக் காலண்டரில் குறித்து வாருங்கள்.
மண்ணெண்ணெயும் பயிர் மருந்தும் தலைப்பக்கமே போகக்கூடாது.
பிள்ளையின் படிப்பை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில் நேரத்தில், கணவனும் மனைவியும் திண்ணையில் உட்காருங்கள். பிள்ளைகளை வரிசையாக உட்கார வையுங்கள். சீப்பை எடுங்கள். சந்தேகம் எதுவானாலும் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். "இதையெல்லாம் போய்க் கேக்கறதா?" என்று தயங்க வேண்டாம். அந்தத் தாய் தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் நின்று பதில் சொல்லவில்லை. நீங்கள் தயங்காமல் கேளுங்கள். நின்று பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.